வெறும் தண்ணீர்

காலை நீட்டச் சொன்னதும் தங்கச்சி டாக்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். வாய்க்குள்ளேதான் திட்டினாள். ஆனால் அவசரப் பிரிவில் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கும் அப்பாவுக்கும் தெளிவாகக் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி இல்லை. வலது காலை நீட்டினால் உயிர் போகிறது என்றால் உள்ளே எது எதன்மேல் கிடந்து உரசிக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இந்த உலகத்தில் எவ்வளவு சௌகரியம்.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"வெறும் கேஸ் டிரபிள்தான். ரத்தத்துல வெள்ளணு நார்மல். ஸ்கேன்ல அப்பெண்டிக்ஸ் தெரியல," என்றார், எங்களிடம் இல்லை, கையிலிருந்த போனிடம்.

"தெரியலன்னா அது நல்லா இருக்குன்னு அர்த்தமா?" என்றேன்.

"தெரியலன்னா தெரியலன்னு அர்த்தம்." இப்போதுதான் நிமிர்ந்தார். "இவங்க அடிக்கடி வயித்து வலின்னு வந்திருக்காங்களே. கம்ப்யூட்டர்ல இருக்கு. ஒவ்வொரு தடவையும் லீவு சீட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா? லவ்வு கிவ்வு?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் பையிலிருந்து என் ஐடி கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். அதுவரை வேண்டுமென்றேதான் மாட்டாமல் இருந்தேன். கார்டு இல்லாத ஆட்களை இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்த்தாயிற்று, போதும்.

டாக்டரின் குரல் இறங்கியது. "ஓ, நம்ம ஆராய்ச்சி லேபா நீங்க? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொல்லலன்னா எப்படிப் பாப்பீங்க?"

போனைப் பைக்குள் போட்டார். சாயங்காலம் ஷிஃப்ட் மாறும்வரை படுக்கை தருகிறேன், டிரிப்ஸ் போகட்டும், அப்புறம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். கார்டுக்குக் கிடைத்தது ஒரு பகல் படுக்கை. கார்டு இல்லையென்றால் ஒரு பட்டை மாத்திரை, அவ்வளவுதான்.

லீவு சீட்டு விஷயம் பொய்யில்லை. தங்கச்சி ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பெண். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை உட்காரக் கூடாது. ஆள் வராத நேரத்திலும் கூடாது. அலமாரியில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மாடியிலிருந்து போன் வரும். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தலைவலி என்றால் தைலத்தை நீட்டுவார்கள். யாரும் தொட்டுப் பார்த்து மறுக்க முடியாத ஒரே வியாதி வயிற்று வலி. அதனால் அவளுக்குக் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு கெஞ்சும்போதெல்லாம் வயிறு வலித்தது. 'நடிகை' என்று முதலில் பெயர் வைத்தவள் கடை சூப்பர்வைசர். பெயர் கடையிலிருந்து அவளோடு கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. "நடிகை எழுந்தாச்சா?" என்றுதான் அம்மாவே கேட்பாள். தங்கச்சிக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. போர்வையை உதறிவிட்டு எழுந்து, கைத்தட்டல் வாங்கியவள் மாதிரி குனிந்து நிமிர்வாள்.

இன்று காலை குளியலறையில் வாந்தி எடுத்துவிட்டு ஈரத்தரையிலேயே சுருண்டு கிடந்தாள். அப்பா வெளியே நின்று, "இன்னிக்கு என்ன படம்மா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே வண்டி பிடித்துவிட்டேன்.

என் வேலை என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. படித்த முதல் ஆள் நான்தான். அக்கம்பக்கத்தில் கேட்டால் அம்மா, "ஆஸ்பத்திரியில பெரிய வேல" என்பாள். அதை நம்பி நாலு பேர் என்னிடம் மூட்டுவலி மாத்திரை கேட்பார்கள். உண்மையில் நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐஸ் பெட்டியோடு நிற்பவள். வீங்கிப்போன குடல்வாலை, அதாவது அப்பெண்டிக்ஸை, வெட்டி எடுத்ததும் அதில் ஒரு துண்டு என் கைக்கு வரும். உடனே அதை ஒரு திரவத்தில் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் கெட்டுவிடும், வெறுங்கையால் தொட்டாலும் கெட்டுவிடும். நம் வியர்வையே அதற்கு விஷம். பிறகு கீழே லேபில் அந்தத் துண்டுக்குள் எந்தெந்த ஜீன்கள் வேலை செய்துகொண்டிருந்தன என்று பார்ப்பேன். ஜீன் என்பது உத்தரவு. உடம்பில் ஓரிடத்தில் தீப்பிடித்தால் அங்கே இருக்கிற செல்கள் சில உத்தரவுகளை நகல் நகலாக எடுத்துத் தள்ளும்: ஆள் அனுப்பு, வீங்க வை, சூடேற்று. நான் அந்த நகல்களை அளப்பவள். வெள்ளணு கூடுவது பிறகுதான், வீக்கம் ஸ்கேனில் தெரிவது அதற்கும் பிறகுதான், ஒரு சொட்டு ரத்தத்தில் இந்த நகல்களை அளந்தாலே முன்கூட்டி அறிந்துவிடலாம் என்று எங்கள் புரொபசர் நம்புகிறார். நம்பிக்கைதான். இன்னும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்காததை வைத்து எந்த நோயாளியைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்பது லேபின் சட்டம்.

தங்கச்சி இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுவாள். "எங்கக்கா குடல் ஊறுகா கம்பெனியில இருக்கா."

டிரிப்ஸ் ஊசி குத்த வந்த நர்ஸிடம் கூடவே ஒரு டியூப் ரத்தமும் எடுத்துத் தரச் சொன்னேன். தங்கச்சி கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"எதுக்குக்கா?"

"என் மெஷின்ல போட்டுப் பாக்கறேன்."

"எடுத்துக்கோ. திருப்பிக் குடுத்துடணும்."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வயிற்றில் இடித்துப் பாதியில் நின்றது. நான் டியூப்பைக் கைப்பைக்குள் உள்ளங்கையோடு பொத்திக்கொண்டு படிகளில் இறங்கினேன். அதன் சூடு தெரிந்தது. எத்தனையோ பேருடைய ரத்தத்தைக் கொண்டுபோயிருக்கிறேன். சூடு தெரிந்ததில்லை.

லேபில் இன்றைக்கு ஓட்ட வேண்டிய மாதிரிகள் ஏற்கனவே வரிசையில் இருந்தன. மெஷினுக்குள் போகிற தட்டில் சில குழிகள் காலி. தங்கச்சியின் ரத்தத்திலிருந்து நகல்களைப் பிரித்தெடுத்து ஒரு காலிக் குழியில் சேர்க்க வேண்டும். கை பழகிய வேலைதான், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். பிப்பெட் முனையில் ஒரு பிளாஸ்டிக் டிப் செருகி, ஒரு சொட்டை உறிஞ்சி, குழியில் விட்டு, டிப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது செருகி, அடுத்த சொட்டு. கடைசிக் குழியில் மட்டும் யாருடைய ரத்தமும் கிடையாது. வெறும் தண்ணீர். இது எங்கள் வழக்கம். தண்ணீருக்குள் ஒன்றுமில்லை, அதனால் மெஷினில் அதன் கோடு தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். அந்தக் கோடு மேலே ஏறினால் எங்கேயோ எதுவோ கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தட்டில் இருக்கிற எவருடைய கோட்டையும் நம்பக் கூடாது. மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசிக் குழிகளுக்கு வந்தபோது போன் அடித்தது. அம்மா. அவள் வேலை பார்க்கும் தையல் ஃபேக்டரியில் போனுக்குத் தடை. கழிவறையில் ஒளிந்துகொண்டு பேசுகிறாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டுவது கேட்டது.

"என்னடி சொன்னாங்க?"

"கேஸுங்கறாங்கம்மா."

"அப்பாடா. நான் கூட பயந்தே போயிட்டேன். சூடா ஏதாவது குடிக்கச் சொல்லு. நீ என்ன நினைக்கிற?"

நான் என்ன நினைக்கிறேன். என்னை ஏன் கேட்கிறாள்? படிக்க வைத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? "பாக்கறேன்மா" என்றேன். "நீ பாத்துக்கோ, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க சூப்பர்வைசர் வந்துட்டா, வெக்கறேன்" என்று வைத்துவிட்டாள். தட்டை மூடி மெஷினுக்குள் தள்ளினேன்.

மெஷின் ஓடும்போது செய்ய ஒன்றுமில்லை. திரையில் கோடுகள் தரையில் படுத்திருக்கும். எதில் நகல் அதிகமோ அது முதலில் தலை தூக்கும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். ஒரு கோடு அசைந்தது. எனக்குத் தெரியும் அது யாருடையது என்று. எல்லோருக்கும் முன்னால், யாரோ அவசரமாகப் படியேறுகிற மாதிரி விறுவிறுவென்று ஏறியது. போன வாரம் குடல்வால் உடைந்து வந்தவருடைய ரத்தமும் அதே தட்டில் இருந்தது. அவர் கோட்டையும் தாண்டி ஏறியது. எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. கேஸாம். லவ்வு கிவ்வாம். அந்த இஸ்திரிச் சட்டையின் மூக்குக்கு நேரே இந்தத் திரையைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எழுந்தேன்.

அப்போது தண்ணீர் ஏறியது.

தாமதமாகத்தான், மெதுவாகத்தான். ஆனால் ஏறியது. நான் திரையைத் தொட்டுக்கூடப் பார்த்தேன், தூசியோ என்று. தங்கச்சியின் குழிக்கு அடுத்த குழி தண்ணீர். அம்மா "அப்பாடா" என்றபோது என் கை டிப்பைக் கழற்றி எறிந்ததா? எறிந்த ஞாபகம் இல்லை. அவள் ரத்தத்தைத் தொட்ட அதே முனையைத் தண்ணீரிலும் வைத்திருக்கிறேன். அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் அவளுடைய கோடு சரிதான், தண்ணீர்தான் கெட்டது. ஆனால் வேறு மாதிரியும் இருக்கலாம். உடைந்து வந்தவருடைய துளி ஏதாவது அவளுடைய குழிக்குள் போயிருக்கலாம். எல்லாக் குழியிலும் ஊற்றுகிற மருந்திலேயே அழுக்கு இருக்கலாம். அப்போது அவளுடைய கோடும் பொய். எது என்று தெரிய வழியே இல்லை. தெரியலன்னா தெரியலன்னு அர்த்தம். மறுபடி ஓட்டலாம், ஆனால் அதற்குள் ஷிஃப்ட் மாறிவிடும், படுக்கை போய்விடும்.

போன் மறுபடி அடித்தது. தங்கச்சி.

"அக்கா! வலி போயிடுச்சு!"

அவள் பழைய குரல். பின்னால் அப்பா, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"எப்படிப் போச்சு? மெல்ல மெல்லயா, டக்குனா?"

"டக்குனுதான். கரண்ட் போன மாதிரி. டாக்டர் கிளம்பலாங்கறாரு. சாயங்காலமே கடைக்குப் போயிடுவேன் போல."

கேஸ் என்றாலும் டக்கென்று போகும். நிறைந்து முறுகிக்கொண்டிருக்கிற குடல்வால் உடைந்தாலும் டக்கென்று போகும். அழுத்தம் இறங்கிவிடுகிறதல்லவா, கொஞ்ச நேரம் சொர்க்கம்தான். அதற்கப்புறம் வயிறு முழுக்கச் சீழ். இரண்டில் எது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கும் தெரியவில்லை.

திரையில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டம் உண்டு. கட்டத்தில் இருக்கிற டிக்கை எடுத்துவிட்டால் அந்தக் குழியின் கோடு படத்திலிருந்து மறைந்துவிடும். தண்ணீர்க் குழியின் டிக்கை எடுத்தேன். படம் சுத்தமாக, அழகாக இருந்தது. போனில் பிடித்துக்கொண்டேன்.

அறுவை மருத்துவர் மேடம் இரண்டு ஆபரேஷன்களுக்கு நடுவே தியேட்டர் வராந்தாவில் நின்றபடி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆய்வுக்குத் துண்டுகள் தருபவர் அவர்தான். அதிகம் பேச மாட்டார். நான் மூச்சு வாங்க வந்து நின்றதைப் பார்த்ததும், "என்ன, ஐஸ் தீந்து போச்சா?" என்றார்.

படத்தை நீட்டினேன். பிஸ்கட் டீக்குள் விழுந்து கரைகிறவரை பார்த்தார்.

"யாருது?"

"அவசரப் பிரிவுல இருக்காங்க மேடம். வெள்ளணு நார்மல். வலி இப்ப டக்குனு போயிடுச்சாம். வீட்டுக்கு அனுப்பப் போறாங்க."

"பிளாங்க் எப்படி?"

பிளாங்க் என்றால் தண்ணீர்க் குழி. கேட்பார் என்று எனக்குத் தெரியும். நல்ல ஆட்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

"தரையோட கிடக்கு மேடம்."

"படத்துல காணோமே."

"குறுக்கால வருதுன்னு எடுத்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் தொங்குகிற கார்டைப் பார்க்கவில்லை. "உனக்கு யாரு?"

"தங்கச்சி."

போனை என் கையிலேயே திருப்பி வைத்தார். "படத்தப் பாத்து நான் யார் வயித்தையும் கிழிக்க மாட்டேன், தெரியுமில்ல?" என்று சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

தங்கச்சி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மேடம் அவளை மறுபடி படுக்கச் சொல்லி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கடையில் என்ன விற்கிறாய் என்று கேட்டார். அவள் துணி ரகங்களைச் சொல்லச் சொல்ல, அவருடைய விரல்கள் மெல்ல உள்ளே இறங்கின. பிறகு சடாரென்று கையை எடுத்தார். உள்ளே உடைந்திருந்தால் அமுக்கும்போதைவிடக் கையை எடுக்கும்போதுதான் அதிகம் வலிக்கும். தங்கச்சி கத்தவில்லை. சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். வலியா, திடுக்கிட்டாளா? எனக்குத் தெரியவில்லை. மேடம் போர்வையை இழுத்து மூடிவிட்டார். இஸ்திரிச் சட்டை டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உள்ள போய்ப் பாத்துடலாம்," என்றார் மேடம்.

கை சொன்னதா, என் படம் சொன்னதா?

சம்மதத் தாளோடு அப்பா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "வலிதான் போயிடுச்சேம்மா. அப்புறம் எதுக்குக் கத்தி?"

"வலி போறதுதான்பா பயம்."

அவருக்கு அது புரியவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. வலித்தால் பயப்படுகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். பேனாவைத் தாளில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தார். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் விளங்கல. நீ சொல்றியேன்னு போடறேன்." போட்டார். எழுத்துக்கூட்டிப் போடுகிற கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. அடிப் பாவி என்று யாராவது என்னை அறைந்திருந்தால் தேவலை.

தள்ளுவண்டியில் போகும்போது தங்கச்சி என் லேப் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "கடைக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. நான் சொன்னா அந்தச் சூப்பர்வைசர் நம்பமாட்டா."

"நான் சொன்னா நம்புவாளா?"

"உனக்கு என்னக்கா, நீ படிச்சவ." 

கதவு மூடிக்கொண்டது.

நான் எப்போதும் நிற்கிற இடத்திலேயே நின்றேன். தியேட்டர் கதவுக்கு இடப்பக்கம், தீயணைப்பான் மாட்டிய தூணோரம். எதிரே ஒரு நீளப் பெஞ்சு. அங்கே எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவார்கள். அவர்களை ஒதுக்கிக்கொண்டுதான் நான் ஐஸ் பெட்டியோடு ஓடியிருக்கிறேன். அந்தப் பெஞ்சில் இப்போது அப்பா. முழங்காலைக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தார், யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று. அந்தச் செருப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு யார்மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது. ஒரு பெண் வலிக்கிறது என்று சொன்னால் அதற்கு எத்தனை சாட்சி வேண்டியிருக்கிறது இந்த ஊரில்! ரத்தம் சொல்ல வேண்டும், ஸ்கேன் சொல்ல வேண்டும், அவளுடைய அக்கா டிகிரி வாங்கி வந்து பொய் சொல்ல வேண்டும். ஆத்திரம் அடங்கினதும் மறுபடி பயம் வந்தது. உள்ளே சும்மா ஒரு குடல்வால், சாதுவாக, வெளுத்துப்போய்க் கிடந்தால்? என் பேச்சைக் கேட்டு மயக்கம் கொடுத்து, என் பேச்சைக் கேட்டுத் துளை போட்டு. அது உடைந்தே போயிருக்கட்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டு, சீ என்று தலையை உதறினேன். இரண்டு பக்கமும் நெருப்பு.

கதவு திறந்தது. அப்பா எழுந்தார்.

தியேட்டரக்கா. இருபது வருஷமாக அங்கே நர்ஸாக இருப்பவள், எல்லோருக்கும் அவள் தியேட்டரக்காதான். கையில் வளைந்த ஸ்டீல் தட்டு, மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது. பழக்கதோஷம், நேராக என்னிடம்தான் வந்தாள்.

"என்னடி, வெறுங்கையோட நிக்கற? டப்பா எங்க? நேரமானா கெட்டுடும் கெட்டுடும்னு எங்க உயிர வாங்குவியே."

"அவளுக்கு எப்படிக்கா இருக்கு?"

"தச்சுக்கிட்டு இருக்காங்க. நாடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. துண்ட ஆராய்ச்சிக்குக் குடுக்கச் சம்மதமான்னு மயக்கத்துக்கு முன்னாடி கேட்டாங்க. என்ன சொன்னா தெரியுமா உன் தங்கச்சி? 'எங்கக்கா கையிலயே குடுங்க, ஊறுகா போடட்டும்'னா. மேடமே சிரிச்சிட்டாங்க."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

"நான் எங்க பாத்தேன், எனக்கு அந்தப் பக்கம் வேல. மேடம் ரொம்ப நேரம் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. பாதிய பாத்தாலஜிக்கு அனுப்பிட்டு, இத உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க." தட்டை நீட்டினாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாகக் குரலைத் தாழ்த்தினாள். "ஆங், 'அவளையே ஓட்டிப் பாக்கச் சொல்லு, இந்தத் தடவ பிளாங்கையும் சேத்துக் காட்டச் சொல்லு'ன்னாங்க. அப்படின்னா என்னடி?"

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். கையுறை இல்லை. ஐஸ் இல்லை. திரவம் இரண்டு மாடி கீழே இருந்தது. ஸ்டீல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் என் பைக்குள் இருந்த டியூப்பின் அதே சூடு.

அப்பா செருப்பைப் போடாமலேயே வராந்தாவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். "என்னம்மா அது? பாப்பாவோடதா?"

குனிந்து பார்த்தேன். துணியின் ஓரம் தட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் ஈரம் பிடித்து, ஒவ்வொரு இழையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெறும் ரத்தமா, சீழா? டியூப்லைட் வெளிச்சத்தில் அதற்கு என்ன நிறம் என்று தெரியவில்லை.